நாற்றங்காலில் பதிந்த தடம்: சிறுத்தையா, நாயா, வேறு ஏதாவதா?

வரப்போரம் (குத்தாலம் பக்கம்) – காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருக்கிறோம். நேற்று சாயங்காலம் முளைகட்டிய விதை தெளித்தாயிற்று. விடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டுப் பார்த்தால், மட்டம் பண்ணிய சேற்றில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஏதோ நடந்து போயிருக்கிறது. எங்கும் நின்று சுற்றவில்லை, நேராகப் போயிருக்கிறது. நான்கு விரல். நகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் தீப்பெட்டி வைத்து எடுத்த படம் கீழே இருக்கிறது. தடம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம்.

படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான் வினை. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை செம்மங்குளம் பக்கம் சிறுத்தை சிசிடிவியில் பதிவானதும், பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், வனத்துறை கேமரா கட்டித் தேடியதும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. இப்போது ராத்திரி மோட்டார் போடக்கூட ஆள் வர மாட்டேன் என்கிறார்கள். தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை – 7:52

நாய். உங்கள் தெருவில் ராத்திரி எத்தனை நாய் திரிகிறது என்று ஒரு தடவை வெளியே வந்து பாருங்கள்.

கடைமடை – 8:01

அண்ணே, அப்படி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் எப்படி? நகம் பதியவில்லை என்கிறார். நாய்க்கு நகம் பதியும், பூனை இனத்துக்குப் பதியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

நீர்முள்ளி (காட்டுயிரியல் மாணவி, மயிலாடுதுறை) – 8:30

நகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நாற்றங்கால் சேறு கூழாக இருக்கும்போது, காலை எடுத்ததும் நகக்குழி மூடிக்கொள்ளும். காய்ந்து இறுகிய மண்ணில் நாயின் நகமே கூடப் பதியாது. வழுக்கும் சரிவில் பூனை நகத்தை நீட்டி ஊன்றும். ஆக நகம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது பாதி சாட்சிதான்.

நான் முதலில் பார்ப்பது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் பெரிய உள்ளங்கால் திண்டை. பூனை இனத்தில் அது தடத்தில் பெரும்பகுதியைப் பிடித்திருக்கும், அதன் பின்விளிம்பில் மூன்று மேடு தெரியும். விரல்கள் ஒரே வரிசையில் இருக்காது. நம் கையில் நடுவிரல் போல ஒன்று மட்டும் முந்தி நிற்கும். அதை வைத்தே இடதா வலதா என்றுகூடச் சொல்லிவிடலாம். நாய் இனத்தில் இடமும் வலமும் ஒத்திருக்கும். முன்னால் இரண்டு விரல், பக்கத்தில் இரண்டு விரல், பின்னால் முக்கோணத் திண்டு. விரல்களுக்கும் திண்டுக்கும் நடுவே பெருக்கல் குறி போல இரண்டு கோடு போட்டால் எதிலும் இடிக்காமல் போகும். பூனைத் தடத்தில் அப்படிப் போட்டால் திண்டில் இடிக்கும்.

உங்கள் படத்தில் கோடு போட்டுப் பார்த்தேன், இடிக்கவில்லை. அகலத்தைவிட நீளம் அதிகம். தீப்பெட்டி ஐந்து சென்டிமீட்டர் சொச்சம். வளர்ந்த சிறுத்தையின் தடம் அகலத்திலேயே ஏழு, எட்டு சென்டிமீட்டர் வரும், வட்டமாகவும் இருக்கும். இது சிறுத்தை இல்லை. குழுவில் இதை இப்போதே போட்டுவிடுங்கள்.

ஆனால் நாய்தானா என்பது வேறு கேள்வி. ஒரே ஒரு தடத்தின் படம் போதாது. நடை முழுக்கத் தெரிகிற மாதிரி வரப்பில் நின்று ஒன்று, நல்லதாகப் பதிந்த நான்கைந்து தடங்களை நேர் மேலிருந்து தனித்தனியாக, பக்கத்தில் அளவுகோலோடு. வெயில் ஏறுவதற்குள் எடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் பள்ளமும் மேடும் நிழலோடு தெரியும்.

படுகை – 9:05

படம் எடுப்பது இருக்கட்டும் தம்பி. அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது? அதைப் பார்த்தீரா? வந்த மூலையில் என்ன இருக்கிறது? போன மூலையில் நண்டு வளை உண்டா? விலங்கு சும்மா நடக்காது. நாற்றங்காலில் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். எலிக்கும் பறவைக்கும் விதை வேலை. நாய்க்கு வேலை கிடையாது. வந்தால் அங்கே மோந்து, இங்கே புரண்டு, நாற்றை நாசம் பண்ணிவிட்டுப் போகும். நேர்கோட்டில் போனது என்கிறீர். தெருநாய் அப்படிப் போகாது.

வரப்போரம் – 9:48

அக்கா சொன்னபடி படங்கள் எடுத்துப் போட்டிருக்கிறேன். குழுவிலும் சொல்லியாயிற்று, பாதிப் பேர் நம்பவில்லை.

ஐயா, கேட்டதற்குப் பதில்: வந்த மூலையில் கருவை மண்டிய திடல் இருக்கிறது. போன மூலையில் வாய்க்கால். வரப்பு முழுக்க நண்டு வளைதான். இரண்டு வளையின் வாயைத் தோண்டிப் போட்டிருக்கிறது, ஓடும் சிதறிக் கிடக்கிறது. வாய்க்கால் மதகின் மேல் எச்சமும் கிடக்கிறது. அதற்குப் பக்கத்துச் சேற்றில் வேறு மாதிரித் தடம். படம் 7, 8. அதில் ஐந்து விரல்!

நீர்முள்ளி – 10:20

அருமை. இரண்டு விலங்கு வந்திருக்கிறது.

முதலில் நாற்றங்கால் தடம். படம் 4-ஐப் பெரிதாக்கிப் பாருங்கள். நடு விரல்கள் இரண்டின் திண்டும் அடிப்பக்கம் சேர்ந்தே பதிந்திருக்கிறது. நாய்க்கு அவை தனித்தனியாக இருக்கும். நரிக்குத்தான், அதாவது நம் ஊரில் ஊளையிடுகிற குள்ளநரிக்குத்தான், அந்த இரண்டும் அடியில் ஒட்டியிருக்கும். முன்விரல்களின் நுனியில் ஊசி குத்தியதுபோல இரண்டு புள்ளி நெருக்கமாகத் தெரிகிறது, அதுதான் நகம். படுகை ஐயா சொன்ன நேர்நடையும் சேர்ந்துவிட்டது. நரி, பின்னங்காலை முன்னங்கால் தடத்தின் மேலோ அதை ஒட்டியோ வைத்துப் போகும்.

படம் 7, 8 நீர்நாய். ஐந்து விரலும் விரிந்திருக்கிறது, விரல்களுக்கு இடையே சவ்வு அழுந்திய மங்கலான கோடு தெரிகிறது. எச்சத்தை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். மீன் செதிலும் முள்ளும் இருக்கும். கையால் தொட வேண்டாம்.

வரப்போரம் – 10:41

செதில்தான். நாற்றம் சொல்லி மாளாது.

கொள்ளிடக்கரை – 10:55

நீர்நாய் என்றால் அந்த மதகை விட்டுவிடாதீர்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து எச்சம் போடும். தனியாகவும் வராது, குடும்பத்தோடுதான். காவிரியில் மணல் திட்டு தெரிகிற மாதங்களில் இவை கரையேறிப் புரண்டு ஈரம் துடைத்த இடம் பாய் விரித்த அகலத்துக்குக் கிடக்கும். சரிவில் வழுக்கி இறங்கிய தடமும், வால் இழுபட்ட கோடும் பக்கத்திலேயே இருக்கும். வலை போடுகிறவர்களுக்கு இதைக் கண்டால் ஆகாது. கிழிந்த வலைக்கு யார் காசு கொடுப்பது என்பார்கள், அதுவும் நியாயம்தான்.

கடைமடை – 11:10

அப்போது ஐந்து விரல் தெரிந்தால் நீர்நாய் என்று வைத்துக்கொள்ளலாமா?

நீர்முள்ளி – 11:32

கூடாது. கீரிக்கும் ஐந்து விரல், மரநாய்க்கும் ஐந்து விரல், எலிக்குப் பின்னங்காலில் ஐந்து. அளவையும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். கீரித் தடம் சின்னது. நகம் நீளமாக, விரலை விட்டுத் தள்ளிக் குத்தியிருக்கும். வைக்கோல் போர், வேலி ஓரம் என்று பகலில் ஓடும். மரநாய் ராத்திரி ஆள். பனை, தென்னை அடியிலும் ஓட்டு வீட்டுப் பக்கமும் பாருங்கள், எச்சத்தில் பழக்கொட்டை முழுசாக இருக்கும். பெருச்சாளி என்றால் தடங்களுக்கு நடுவே வால் கோடு ஓடும், வளை வாயில் மண் குவிந்திருக்கும்.

ஐந்தும் நான்கும் கலந்து வருவதும் உண்டு. சேறு மேலாக இருந்தால் கட்டை விரல் பதியாது. அதனால்தான் ஒரு தடத்தை வைத்துக்கொண்டு சண்டை போடாமல் பத்துப் பதினைந்து தடம் பின்தொடர்ந்து போகச் சொல்கிறேன்.

படுகை – 12:15

நரி வந்தது நல்லதுக்குத்தான். நண்டு தின்னும், எலி தின்னும். நாற்றை அறுக்கிற நண்டையும் வரப்பைக் குடைகிற எலியையும் பிடிக்க நாம் கிட்டி வைத்து, கூலி கொடுத்து மாள்கிறோம். அது இலவசமாகச் செய்துவிட்டுப் போகிறது. எங்கள் பக்கம் திடல் எல்லாம் மனையாகிவிட்டது, ஊளை கேட்பதே அரிது. கருவையை வெட்டும்போது அந்தத் திடலில் ஒரு மூலையை விட்டுவைக்கச் சொல்லும்.

பனிநாட்டுத் தஞ்சாவூரான் (கனடா) – மாலை 6:20

இங்கே இப்போதுதான் விடிந்தது, இழை எங்கேயோ போய்விட்டது. நான் ஒரத்தநாட்டுக்காரன். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் காலையில் பனியில் தடம் பார்ப்பது பழகிவிட்டது. கயோட்டி என்று ஓநாய்க்கும் நரிக்கும் இடைப்பட்ட ஒன்று உண்டு. நீர்முள்ளி சொன்ன அதே நேர்நடை, பின்கால் முன்கால் குழியிலேயே விழும். ஆழமான பனியில் அப்படி நடந்தால் அதற்குப் பாதி உழைப்பு மிச்சம். வீட்டு நாய்க்கு அந்தக் கவலை கிடையாது, சோறு வீட்டில் இருக்கிறது, வளைந்து வளைந்து ஓடும்.

முயல் தடம் பார்த்தால் முதலில் திசையே குழம்பும். துள்ளும்போது முன்கால் முதலில் ஊன்றி, பெரிய பின்கால் அதைத் தாண்டி முன்னால் விழும். ஆக முன்னால் தெரிகிற பெரிய இரண்டும் பின்கால்கள். அணிலும் அப்படித்தான், ஆனால் அணிலின் முன்கால்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பதியும், முயலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக.

பனியில் ஒரு பெரிய ஏமாற்று உண்டு: உருகல். வெயில் பட்டால் தடத்தின் விளிம்பு கரைந்து குழி பெரிதாகும், விரல் இடைவெளி காணாமல் போகும். பூனைத் தடம் மதியத்துக்குள் சிறுத்தைத் தடமாகிவிடும். 2019 ஏப்ரலில் இந்திய ராணுவம் நேபாளத்து மகாலு மலை முகாமுக்குப் பக்கத்தில் 32 அங்குல நீளம், 15 அங்குல அகலத்தில் ‘எட்டி’ என்கிற கதைப் பனிமனிதனின் காலடி என்று ட்விட்டரில் படம் போட்டதே, நினைவிருக்கிறதா? உருகலை அறிந்தவர் அந்த அளவைப் பார்த்தே சிரித்திருப்பார்.

ஊரில் சேற்றுக்கு இப்படி ஏதாவது உண்டா?

நீர்முள்ளி – 7:05

உண்டு, அண்ணா. கூழ்ச்சேற்றில் கால் வழுக்கிப் பரவினால் தடம் விலங்கைவிடப் பெரிதாகத் தெரியும். ஓடும்போது விரல் விரியும், அப்போதும் பெரிது. குழியில் தண்ணீர் ஊறி விளிம்பு இடிந்தாலும் பெரிது. அதனால் அளவெடுக்கும்போது மேல் விளிம்பை அளக்காமல், குழியின் அடியில் பாதம் பதிந்த சமதளத்தை அளக்க வேண்டும். பீதி கிளப்புகிற படங்களில் முக்கால்வாசி மேல் விளிம்பு அளவுதான்.

வல்லுநர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். இந்தியாவில் 1960-களிலிருந்து புலிகளைக் காலடித் தடத்தை வைத்துத்தான் எண்ணினார்கள். ஒவ்வொரு புலியின் தடத்தையும் கண்ணாடியில் வரைந்து, காகிதத்துக்கு மாற்றி, இது அந்தப் புலி, இது இந்தப் புலி என்று பிரித்தார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலியே மிச்சமில்லை என்று 2005-இல் தெரிந்தபோது அந்த முறையின் மதிப்பும் போயிற்று. 2006 கணக்கெடுப்பிலிருந்து தானியங்கிக் கேமராவும் புள்ளியியலும் வந்துவிட்டன. தடம் இன்னும் பார்க்கிறார்கள், புலி இந்தப் பக்கம் உண்டா இல்லையா என்று அறிய. தலை எண்ணுவதற்கு அது ஆகாது.

பனிநாட்டுத் தஞ்சாவூரான் – 7:18

பனியில் இன்னொரு வசதி, காலம் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குப் பனி நின்றது என்றால், அதன் மேல் இருக்கிற தடம் எல்லாம் அதற்குப் பிந்தியது.

படுகை – 7:40

இங்கே அதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. மழை எப்போது விட்டது, தண்ணீர் முறை எப்போது வந்தது, எப்போது வடித்தோம், எல்லாம் விவசாயிக்குத் தெரியும். மண்புழு எச்சம் தடத்துக்கு மேல் இருந்தால் தடம் பழசு, தடத்துக்குள் நசுங்கியிருந்தால் புதுசு. வரப்புப் புல்லில் பனித்துளி உதிர்ந்து ஒரு கோடு இருண்டு தெரிந்தால் விடிகிற நேரத்தில் போனது. சேற்றுத் தண்ணீர் தடத்துக்குள் கலங்கியே இருந்தால் உம்மைக் கண்டுதான் அது ஓடியிருக்கிறது.

ஒன்று மட்டும். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் வந்துபோய்விட்டால் அன்றைக்குத் தடம் பார்க்கிற வேலையை விட்டுவிடலாம்.

கொள்ளிடக்கரை – 8:10

இந்த இழையில் எங்கள் ஊர்ப் பிரச்சினையைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. முதலை. அணைக்கரை தொடங்கிச் சிதம்பரம் பக்கம் வரை கொள்ளிடத்திலும் அதைச் சேர்ந்த வாய்க்கால்களிலும் முதலை உண்டு, எல்லோருக்கும் தெரியும். ஆனால் கரையில் வால் இழுத்த கோடு எதைக் கண்டாலும் முதலை என்று கூவுகிறார்கள். பத்தில் பெரும்பாலும் உடும்பு.

நான் பார்க்கிற முறை: உடும்பு வால் மெல்லியது, கோடு வளைந்து வளைந்து போகும், இரண்டு பக்கமும் நீள நகம் கீறிய ஐந்து விரல் தடம். வயிறு தரையில் படாது. முதலை தண்ணீருக்குள் சறுக்கி இறங்கிய இடத்தில் வயிறு தேய்த்த அகலமான பாதை இருக்கும், சேறு மெழுகிய மாதிரி வழவழவென்று. வால் பள்ளம் ஆழமாக இருக்கும். பின்னங்காலில் நான்கு விரல்தான், முன்னங்காலில் ஐந்து. தடம் தண்ணீரில் தொடங்கித் தண்ணீரிலேயே முடியும். உடும்புத் தடம் கரை ஏறிப் பனைமரம், புற்று என்று போய்விடும்.

முதலைத் தடம் கண்டால் அந்தத் துறையில் துணி துவைக்கவும் மாடு கழுவவும் இறங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். உடும்பென்றால் விட்டுவிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, கறிக்குப் பிடித்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

வேதாரண்யத்துக் காற்று – 8:45

கோடியக்கரைப் பக்கத்துக்கும் ஒரு பாராவாவது கொடுங்கள். 1967-இல் வெளிமானுக்காகவே சரணாலயம் ஆன இடம். இங்கே குளம்புத் தடம்தான் பாடம். வெளிமான் குளம்பு ஒடுங்கி, முன்முனை கூர்ந்திருக்கும். புள்ளிமானும் அதே அளவுதான் என்றாலும் முனை கொஞ்சம் மழுங்கல். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஆட்டுத் தடத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஆட்டுக்கு இரண்டு பிளவும் முன்னால் அகன்று நிற்கும். காட்டுப்பன்றி சுலபம். குளம்புக்குப் பின்னால் பக்கவாட்டில் இரண்டு சின்னக் குழி, குளம்பைவிட அகலமாகத் தள்ளிப் பதியும். மான் ஓடினாலோ சேற்றில் புதைந்தாலோதான் அந்தப் பின்குழி தெரியும், பன்றிக்குச் சும்மா நடந்தாலே தெரியும். போதாததற்குக் கிழங்குக்காக மண்ணைப் புரட்டிப் போட்டிருக்கும். பிளவில்லாத ஒற்றைக் குளம்பு என்றால் காட்டில் திரிகிற மட்டக்குதிரை.

கடைமடை – 9:02

அண்ணே, கடற்கரை என்றதும் ஞாபகம் வந்தது. போன மாசி மாதம் நாகை பக்கம் விடியற்காலையில் போனபோது, கடலிலிருந்து டிராக்டர் ஏறி வந்து மறுபடி கடலுக்குள் இறங்கின மாதிரி இரண்டு தடம். மணல் திருட்டோ என்று பயந்துவிட்டோம். படம் இருக்கிறது, போடுகிறேன்.

வேதாரண்யத்துக் காற்று – 9:20

டிராக்டருக்குக் கடலுக்குள் என்ன வேலை? அது பங்குனி ஆமை. முட்டையிட ஏறியிருக்கிறது, தை முதல் பங்குனி வரை அதன் காலம். உங்கள் படத்தில் பாருங்கள், துடுப்புக் காலின் கீறல் இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறி விழுந்திருக்கிறது. பங்குனி ஆமை அப்படித்தான் நகரும். பேராமை என்றால் இரண்டு துடுப்பையும் ஒன்றாக ஊன்றித் தவழும், கீறல் எதிரெதிரே ஜோடியாக இருக்கும், நடுவில் வால் கோடும் தெரியும்.

எது ஏறின தடம், எது இறங்கின தடம் என்று பார்க்க வழி இருக்கிறது. துடுப்பு மணலைப் பின்னால் தள்ளும், மேடு எந்தப் பக்கம் குவிந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. இரண்டு தடமும் ஒன்றையொன்று வெட்டினால் மேலே இருப்பது இறங்கினது. நீர் வற்றுகிற நேரத்தில் வந்திருந்தால் இறங்கின தடம் நீளமாக இருக்கும்.

வரப்போரம் – 9:34

இரண்டு தடமும் சேருகிற இடத்தில் மணல் கலைந்திருந்தால் அங்கே முட்டை இருக்கிறது என்று அர்த்தமா?

வேதாரண்யத்துக் காற்று – 9:50

பெரும்பாலும். ஆனால் சில சமயம் ஏறி வந்து, வெளிச்சமோ நாயோ ஆளோ கண்டு முட்டையிடாமலே திரும்பிவிடும். அப்போது தடம் வளைந்து போயிருக்கும், கலைந்த மணல் இருக்காது. முட்டை இருந்தால் நூறுக்கு மேல் இருக்கும், குச்சி விட்டுத் துழாவாதீர்கள், ஒன்று உடைந்தாலும் நாற்றத்துக்கு நாயும் நரியும் வந்துவிடும். வனத்துறைக்குச் சொன்னால் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஆள் வருகிற வரைக்கும் தடத்தை மட்டும் காலால் கலைத்துவிடலாம், முட்டை திருடுகிறவனும் இதே தடத்தைப் பார்த்துத்தான் வருவான். கலைப்பதற்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைமடை – 10:05

படம் சரி. அச்சே எடுத்து வைத்துக்கொள்ள முடியாதா? நீர்நாய்த் தடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமே.

நீர்முள்ளி – 10:22

முடியும். பாரிஸ் சாந்து போதும், சிலை செய்கிறவர்களிடம் கிடைக்கும். பழைய பிளாஸ்டிக் டப்பாவின் அடியை வெட்டி வளையமாக்கித் தடத்தைச் சுற்றி அழுத்துங்கள். குழிக்குள் தண்ணீர் நின்றால் பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சாந்தைத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, தடத்தின் மேல் நேராகக் கொட்டாமல் ஓரத்தில் ஊற்றி வழியவிட வேண்டும். அரை மணி நேரம் இறுகவிட்டு, சுற்றிலும் மண்ணோடு தோண்டி எடுத்து, ஒரு நாள் காயவைத்த பிறகு கழுவுங்கள். பின்பக்கம் இடம், தேதி, முன்காலா பின்காலா என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். எழுதாத அச்சு எதற்கும் உதவாது.

வரப்போரம், நாற்றங்கால் நடுவில் இறங்கி அச்சு எடுக்கப் போகாதீர்கள், விதை போய்விடும். மதகுத் தடம் போதும்.

படுகை – 10:30

விதையைப் பற்றி ஒருவராவது பேசினீர்களே. தம்பி, நாளைக்குத் தண்ணீர் வடித்ததும் அந்த ஓரத்து நண்டு வளைகளையும் எண்ணிப் பார்த்துச் சொல்லும்.